கோழிக்குத் தைராய்டு வருமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு பண்ணைக்காரரின் மனைவி. மோகனூர்ப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. சித்திரை வெயில். நான்கு நாட்களாகத் தினமும் ஐந்தாறு கோழிகள் காரணமே தெரியாமல் செத்து விழுகின்றன என்று கூப்பிட்டிருந்தார்கள். செத்தவை எல்லாம் நோஞ்சான்கள் அல்ல. ஷெட்டிலேயே நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கொழுத்த கோழிகள். முதல் நாள் மாலை வரை தீவனம் எடுத்திருக்கிறது, காலையில் பார்த்தால் கூண்டுக்குள் கிடக்கிறது. கொண்டை மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

வேப்பமரத்தடியில் ஒரு தீவனச் சாக்கை விரித்து ஒன்றை அறுத்துப் பார்த்தேன். வயிற்றுக்குள் உறைந்த ரத்தம் கட்டியாகக் கிடந்தது. அதை வழித்து எடுத்ததும் ஈரல் தெரிந்தது. கருஞ்சிவப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டிய உறுப்பு, வெண்ணெய் நிறத்தில் உப்பியிருந்தது. விரலை வைத்தால் ஊறிய பன் போல உதிர்ந்தது. ஈரலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் கோழியின் ரத்தம் முழுவதும் உள்ளேயே கொட்டியிருக்கிறது.

“ஈரலில் கொழுப்புக் கட்டி, உடைந்துபோயிருக்கிறது” என்றேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். “எனக்கும் ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள், டாக்டர். தைராய்டு குறைவாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். கோழிக்கும் தைராய்டு வருமா?”

“கோழிக்கு அதெல்லாம் கிடையாது, அம்மா” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

சொன்னது பொய். கல்லூரியில் உடலியங்கியல் பாடத்தில் படித்தது நன்றாகவே நினைவிருந்தது. விளக்கிச் சொல்ல அப்போது பொறுமை இல்லை. இருபது ஆண்டுகளாகக் கோழி அறுத்துப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட அதன் தைராய்டைத் தேடிப் பார்த்ததில்லை என்பது வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் பழைய புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு இருக்கிறது, அத்தனையும் மஞ்சள் கருவில். ஒரு நல்ல லேயர் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. ஆக, ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பறவை, ஓர் ஆண்டில் தன் உடம்பின் எடைக்குக் குறையாத கொழுப்பை முட்டை வழியாக வெளியே அனுப்புகிறது. அது நாள் ஒன்றுக்குத் தின்னும் 110 கிராம் தீவனத்தில் கொழுப்பு 3, 4 கிராம்தான் இருக்கும். அதிலும் ஒரு பகுதி எச்சத்தில் போய்விடும். மிச்சத்தை மக்காச்சோளத்தின் மாவுச்சத்திலிருந்து கோழி தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். தயாரிக்கும் இடம் ஈரல், நாற்பது கிராம் எடைகூடத் தேறாத ஓர் உறுப்பு.

பறவைகளின் விசேஷம் இங்கேதான் இருக்கிறது. பன்றி தன் கொழுப்பைப் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே உருவாக்கிக்கொள்கிறது. எலி ஈரலிலும் செய்யும், கொழுப்புத் திசுவிலும் செய்யும். கோழிக்கு அநேகமாக எல்லாமே ஈரல்தான். வயிற்றுக்கொழுப்பு என்று நாம் பிடுங்கி எறிகிற அந்த மஞ்சள் பாளம் வெறும் கிடங்கு. சரக்கு தயாராவது ஈரலில். இந்த விஷயத்தில் மனிதனும் எலியைவிடக் கோழிக்கே நெருக்கம். நம் உடம்பிலும் மாவுச்சத்து கொழுப்பாக மாறுவது பெரும்பாலும் ஈரலில்தான்.

தின்ற கொழுப்புக்கும் ஈரலில்தான் முதல் நிறுத்தம். மனிதன் தின்னும் நெய் குடலிலிருந்து நிணநீர்க் குழாய்கள் வழியே சுற்றிக்கொண்டு ரத்தத்தில் கலக்கிறது. பறவைக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. குடல் உறிஞ்சும் கொழுப்பு நேராகப் போர்ட்டல் ரத்தக்குழாயில் ஏறி ஈரலுக்கு வந்துவிடுகிறது. ஆக, வெளியிலிருந்து வரும் கொழுப்புக்கும் உள்ளே செய்யும் கொழுப்புக்கும் ஒரே வாசல். வெளியேறவும் ஒரே வழிதான்: வி.எல்.டி.எல் என்னும் புரதப் பொதிகளில் கட்டி, ரத்தத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். வரத்து, தயாரிப்பு, எரிப்பு, அனுப்புதல் ஆகிய நான்கில் எது தடுமாறினாலும் ஈரல் மஞ்சளாகும்.

வாத்தும் தாராவும் இந்த உறுப்பை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று காட்டுகின்றன. பிரான்சில் ஃபுவா க்ரா என்ற பண்டத்துக்காக அவற்றின் தொண்டையில் குழாய்விட்டு மக்காச்சோளத்தைத் திணிப்பார்கள். இரண்டு வாரத்தில் ஈரல் பத்து மடங்குவரை பெருத்து, பாதிக்கு மேல் கொழுப்பாகிவிடும். திணிப்பதை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பியும் விடும். கண்டம் தாண்டிப் பறக்கும் இனங்களின் வழிவந்த பறவைகள். பயணத்துக்கு முன் கொழுப்புச் சேர்ப்பது அவற்றின் பிறவிக் குணம். அதை மனிதன் பணமாக்கிக்கொண்டான். எனக்கு அந்தப் பண்டத்தின் மேல் எந்த ஆசையும் இல்லை.

இனித் தைராய்டு. நமக்கு அது குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழிக்கு அது கழுத்திலேயே இல்லை. கழுத்து மார்புக்குள் நுழையும் இடத்தில், தீனிப்பைக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். தட்டைப்பயறு அளவு, செம்பழுப்பு நிறம். தேடாதவன் கண்ணில் படாது.

சுரப்பு நம்முடையதுதான். நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட டி4 பெருமளவில் வெளியே வரும். அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால் டி3. உண்மையில் வேலை செய்வது அதுதான். வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. மனித ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் தைராய்டு மாத்திரையை ஒரு நாள் மறந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கோழிக்குச் சில மணி நேரம் போதும். தைராய்டு சுரப்பை இறுகப் பிடித்துச் சுமக்கும் ஒரு புரதம் நம் ரத்தத்தில் உண்டு. கோழிக்கு அது இல்லாததால் ஆல்புமின், டிரான்ஸ்தைரெட்டின் என்ற வேறு புரதங்கள் தளர்வாகச் சுமந்து செல்கின்றன. பறவை தன் நிலைமைக்கு ஏற்ப இந்த அளவை ஒரே நாளுக்குள் ஏற்றவும் இறக்கவும் முடியும்.

அப்படி ஏற்றி இறக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று, மறுபடியும், ஈரல். டீஅயோடினேஸ் என்ற நொதிகள் அங்கே இருக்கின்றன. ஒரு வகை, டி4இலிருந்து டி3ஐ உண்டாக்கும். மூன்றாம் வகை, டி3இல் இன்னோர் அயோடினைக் கழற்றி அதைச் செயலிழக்கச் செய்யும். கோழியைப் பட்டினி போட்டால் இந்த மூன்றாம் வகை நொதி ஈரலில் கூடுகிறது, ரத்தத்தில் டி3 சரிகிறது. மறுபடி தீவனம் வைத்தால் டி3 ஏறுகிறது. தைராய்டு ஈரலை ஆட்டிவைக்கிறது என்று பாடமாகப் படித்திருந்தேன். தனக்கு எவ்வளவு டி3 வேண்டும் என்பதில் ஈரலுக்கும் ஒரு சொல் இருக்கிறது என்பது எனக்குப் புதிது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அடைகாப்பு எந்திரத்தின் கடைசி மூன்று நாட்களைப் பார்க்க வேண்டும். 21 நாள் கருவில் வளரும் குஞ்சு, தன் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கை மஞ்சள் கருவின் கொழுப்பை எரித்தே பெறுகிறது. அந்தக் காலம் முழுக்க ஈரலில் மூன்றாம் வகை டீஅயோடினேஸ் மிகுந்திருப்பதால் டி3 தலைதூக்குவதில்லை. குஞ்சு அலகால் காற்றறையைக் குத்தி முதல் மூச்சு இழுக்கும் தறுவாயில் அந்த நொதி சரேலென்று விழுகிறது. டி3 பல மடங்கு எழும்புகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டெக்கய்பேர், கூன், டாராஸ் ஆகியோர் பல ஆண்டுகள் இருந்து இந்த நாடகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்தினால் கருவின் ஈரலில் அந்த மூன்றாம் வகை நொதி குறைந்து டி3 எழுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. இதைப் பின்னால் மறுபடி தொடுவேன்.

பொரித்து வந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் ஈரல் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் இளம் மருத்துவர்கள் இதைப் பார்த்துப் பதறி “கொழுப்பு ஈரல்” என்று எழுதிவிடுவதுண்டு, நானும் எழுதியிருக்கிறேன். அது நோயல்ல, அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. மஞ்சள் கருவின் கொழுப்பும் நிறமும் ஈரலில் தங்கியிருக்கின்றன. நாளாக ஆக நிறம் திரும்பிவிடும்.

பொரித்த முதல் நாளோடு குஞ்சின் உலகம் தலைகீழாகிறது. அதுவரை கொழுப்பைத் தின்று வாழ்ந்த உயிர், இனி மாவுச்சத்தைத் தின்று கொழுப்பைத் தயாரிக்க வேண்டும். தீவனம் போட்டால் ஈரலில் கொழுப்பு தயாரிக்கும் நொதிகள் மளமளவென்று ஏறுகின்றன. போடாமல் வைத்தால் ஏறுவதில்லை. அலன் குட்ரிட்ஜ் என்ற ஆய்வாளர் இதைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் போனார். கோழிக் கருவின் ஈரல் செல்களைப் பிரித்தெடுத்து, தட்டில் வளர்த்து, மேலே ஒவ்வொரு ஹார்மோனாக ஊற்றிப் பார்த்தார். அவர் கவனித்த நொதிகளில் முக்கியமானது மாலிக் என்சைம். கொழுப்பு அமிலத்தைக் கட்டி எழுப்பத் தேவையான ஹைட்ரஜனைப் பறவை ஈரலில் பெருமளவு வழங்குவது அதுதான்.

1976இல் அவரும் அடெல்மனும் வெளியிட்ட முடிவு இது: டி3 ஊற்றினால் அந்த நொதியின் உற்பத்தி ஏறுகிறது. இன்சுலினும் சேர்ந்தால் அந்த ஏற்றம் இன்னும் பெரிதாகிறது. வயிறு காய்ந்திருக்கும்போது ஓங்கும் குளுக்ககான் என்ற ஹார்மோனை ஊற்றினால் அத்தனையும் அடங்கிவிடுகிறது. பின்னால் வந்த ஹில்கார்ட்னர் முதலியோர், கொழுப்புத் தயாரிப்பின் மற்ற நொதிகளும் இதே தாளத்துக்கு ஆடுகின்றன என்று காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தைராய்டு கொழுப்பைக் கரைக்கும் என்றல்லவா ஊரெல்லாம் சொல்கிறது? தைராய்டு குறைந்தால் உடம்பு பருக்கும், கூடினால் இளைக்கும். தட்டிலிருக்கும் ஈரல் செல்லோ டி3ஐப் பார்த்ததும் கொழுப்புச் செய்ய உட்காருகிறதே!

ஊர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது, கோழியிலேயே இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் தயோயுராசில் என்ற தைராய்டை அடக்கும் மருந்தைத் தீவனத்தில் கலந்து கோழியைக் கொழுக்கவைக்க முயன்றார்கள், கோழி கொழுத்தது. மாடுகளுக்கும் இதே வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஏறிய எடையில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். கடைசியில் ஐரோப்பா 1981இல் வளர்ப்பு விலங்குகளுக்கு இவற்றைத் தடைசெய்தது.

இன்னொரு சாட்சி குள்ளக்கோழி. பாலினக் குரோமோசோமில் ஒரு மரபுப் பிழையால் வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பி கெட்டுப்போன கோழிகள் உண்டு. சுரப்பு ரத்தத்தில் இருக்கிறது, அதைக் கேட்கக் காது இல்லை. விளைவாக, வளர்ச்சி ஹார்மோன் அடக்கிவைக்க வேண்டிய அந்த மூன்றாம் வகை டீஅயோடினேஸ் அடங்குவதில்லை. டி4 குறையாமல் இருந்தாலும் டி3 குறைவாகவே இருக்கும். இந்தக் குள்ளக்கோழிகள் தங்கள் எடைக்கு அதிகமாகவே கொழுப்பைச் சுமக்கின்றன.

மூன்றாவது சாட்சி, அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் ரோஸ்பரோ செய்த சோதனைகள். பிராய்லர் குஞ்சுகளின் தீவனத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் டி3 கலந்து கொடுத்தார். பிறகு ஈரலை எடுத்து அது எவ்வளவு வேகமாகக் கொழுப்புச் செய்கிறது என்று அளந்தார். வேகம் குறைந்திருந்தது. தட்டில் கூட்டிய அதே டி3, உயிருள்ள குஞ்சில் குறைக்கிறது. வேடிக்கை அதோடு முடியவில்லை. தைராய்டை அடக்கும் மெத்திமசோல் கொடுத்த குஞ்சுகளிலும் ஈரலின் கொழுப்புத் தயாரிப்பு குறைந்தது! கூட்டினாலும் குறைகிறது, குறைத்தாலும் குறைகிறது.

இப்படி ஒரு முடிச்சு விழுந்தால், ஒரு பக்கத்து ஆய்வு தப்பு என்று தள்ளிவிடுவது சுலபம். எதுவும் தப்பில்லை. கேள்வியைத்தான் நாம் கோணலாகக் கேட்கிறோம்.

நான் புரிந்துகொண்டதை எங்கள் ஊர் லாரி ஷெட்டை வைத்துச் சொல்கிறேன். டி3 என்பது வண்டியைக் கிளப்பித் தயாராக வைக்கும் ஆள். சரக்கு ஏற்றுவதா இறக்குவதா, எந்த ஊருக்குப் போவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது புக்கிங் ஆபீஸ். அந்த ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்சுலினும் குளுக்ககானும். வயிறு நிறைந்து இன்சுலின் ஓங்கியிருக்கும்போது டி3 கொழுப்புத் தயாரிப்பைக் கூட்டிக் கொடுக்கிறது. வயிறு காய்ந்து குளுக்ககான் ஓங்கினால் தயாரிப்பு நிற்கிறது, எரிப்பு நடக்கிறது. டி3இன் அளவும் தானாக இறங்கிக்கொள்கிறது. குட்ரிட்ஜின் தட்டில் இருந்த செல்களுக்குச் சர்க்கரைக்குக் குறைவில்லை. அவை வேறு எந்த உறுப்போடும் பேச வேண்டியதுமில்லை. உயிருள்ள குஞ்சில் டி3 ஈரலோடு நிற்பதில்லை. தசையைச் சூடேற்றுகிறது, இதயத்தை விரட்டுகிறது, உடம்பு முழுவதும் செலவைக் கூட்டுகிறது. செலவு மிகுந்த வீட்டில் சேமிப்பு எங்கிருந்து வரும்? அதிகமாகக் கொடுத்தால் இளைப்பது அதனால். அடியோடு அடக்கிவிட்டால் வண்டியைக் கிளப்பவே ஆள் இல்லை. தயாரிப்பும் மந்தம், எரிப்பும் மந்தம். குறைந்த தைராய்டில் சேரும் கொழுப்பு, அதிகமாகச் செய்ததால் சேர்ந்தது என்பதைவிடச் செலவழியாமல் தேங்கியது என்பதே சரி.

இது நடக்கும் விதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. டி3இன் ஏற்பி செல்லின் வாசலில் நிற்பதில்லை. உட்கருவுக்குள், டி.என்.ஏ மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. டி3 வராத நேரத்திலும் அங்கேதான் இருக்கும். சும்மா அல்ல, மரபணுவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. டி3 வந்து ஒட்டிய மறுகணம் பிடியைத் தளர்த்தி அதே மரபணுவைத் தூண்டிவிடத் தொடங்குகிறது. டி3 இல்லாத ஈரல், டி3இன் ஏற்பியே இல்லாத ஈரலைப் போன்றதல்ல. முன்னது கையால் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது.

இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த கதையில் கோழிக்குப் பெரிய பங்கு உண்டு, கோழி மருத்துவர்களான நாங்கள்கூட அதை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. கோழிகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. கோழியின் மரபணுக்கள் இரண்டை எந்தக் காலத்திலோ திருடிச் சுமந்துகொண்டிருக்கும் வைரஸ். அவற்றில் ஒன்றின் பெயர் எர்ப்-ஏ. அது திருடப்பட்ட அசல் கோழி மரபணு என்ன வேலை செய்கிறது என்று தேடிய ஹைடல்பெர்க்கின் வென்ஸ்ட்ரோம் குழுவும், மனித மரபணுவில் தேடிய கலிஃபோர்னியாவின் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் 1986இல் ஒரே நேரத்தில் ஒரே விடையை வெளியிட்டன: அதுதான் தைராய்டு ஹார்மோனின் ஏற்பி. வைரஸ் சுமந்த திருட்டு நகலால் டி3ஐப் பிடிக்க முடியாது. அதனால் அது மரபணுக்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

வலசை போகும் பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அலாஸ்காவில் இனப்பெருக்கம் செய்யும் வெண்கொண்டைச் சிட்டு ஒன்று உண்டு. வசந்தத்தில் வடக்கே கிளம்பும் முன் கொழுப்பையும் பறக்கும் தசையையும் ஏற்றிக்கொள்ளும். தைராய்டை மருந்தால் அடக்கிவிட்டால் அந்தத் தயாரிப்பு சரியாக நடப்பதில்லை. கொழுப்புச் சேர்க்கவும் தைராய்டு வேண்டியிருக்கிறது, சேர்த்ததை எரித்துப் பறக்கவும் வேண்டியிருக்கிறது. லாரி ஷெட் உவமையை எனக்குத் தந்தது இந்தச் சிட்டுதான்.

மோகனூருக்குத் திரும்புவோம். அந்தக் கோழிகளைக் கொன்றது தைராய்டா? முதல் குற்றவாளி அது அல்ல. முட்டையிடும் பெட்டையின் ஈரலில் ஓங்கிய குரல் ஈஸ்ட்ரோஜனுடையது. மஞ்சள் கருவுக்கான கொழுப்பையும் புரதத்தையும் தயாரிக்கச் சொல்லி ஈரலை விரட்டுவது அது. ஒரு சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால், முட்டையே இடாத அதன் ஈரலும் மஞ்சள் கருச் சரக்கைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கொழுப்பேறிப் பால் போல வெளுத்துவிடும். பெட்டையின் ஈரலில் அந்த விரட்டல் ஓயாமல் நடக்கிறது. அதன்மேல் கூண்டு. இறக்கை விரிக்க இடமில்லாத இடத்தில் எரிப்பதற்கு வழி ஏது? அதன்மேல் சக்தி மிகுந்த தீவனம். இந்த நோயை அமெரிக்க ஆய்வாளர் கவுச் 1956இல் கொழுப்பு ஈரல் நோய் என்று எழுதியதும், லேயர் கோழிகள் கூண்டுக்குள் குடிபுகுந்துகொண்டிருந்த காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். 1972இல் ரத்தக்கசிவு என்ற சொல்லும் பெயரில் சேர்ந்தது.

தைராய்டு வருவது இதற்கடுத்து, வெயிலோடு கைகோத்துக்கொண்டு. சூடு ஏறினால் கோழியின் ரத்தத்தில் டி3 இறங்குகிறது. வியர்வைச் சுரப்பி இல்லாத பறவை, உள்ளே எழும் சூட்டைக் குறைத்துக்கொள்ள அடுப்பைத் தணிக்கிறது. அதன் கணக்கில் அது புத்திசாலித்தனம். ஈரலின் கணக்கில் எரிப்பு மந்தப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் விரட்டுவதை நிறுத்தவில்லை. சித்திரையில் மரணம் கூடுவதற்கு வெப்ப அயர்ச்சி, தண்ணீர்க் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்த மஞ்சள் ஈரலைப் பார்க்கும்போது, கழுத்தடியில் தணிந்துபோயிருக்கும் அந்த இரண்டு தட்டைப்பயறுகளையும் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் தைராய்டு பற்றி ஒரு எழுத்தும் இல்லை. இன்றைக்கு எழுதினாலும் இருக்காது. மக்காச்சோளத்தின் அளவைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். கொழுப்பைப் பொதிகட்டி வெளியேற்ற உதவும் கோலின், மெத்தியோனின், பி12, கூடவே வைட்டமின் ஈ. தீவனத்தை விடியற்காலையிலும் மாலையிலும் வைக்கச் சொன்னேன், கூரைக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். பத்து நாளில் மரணம் குறைந்தது. வாரக் கடைசியில் ஒரு கோடை மழையும் பெய்திருந்ததால், பெருமையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

கோழிக்கு டி3 மாத்திரை கலந்தால் என்ன என்று ஒரு பண்ணைக்காரர் பிறகு கேட்டார். கொழுப்புக் குறையும், கோழியும் இளைக்கும், சித்திரை வெயிலில் உள்ளே இன்னொரு அடுப்பை மூட்டியது போலவும் ஆகும். முட்டை தின்பவனின் உடம்புக்கு அது தேவையும் இல்லை. வேண்டவே வேண்டாம் என்றேன்.

மனித வைத்தியத்தில் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். தைராய்டு ஏற்பியில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை. இதயத்தில் ஆல்பா மிகுதி, ஈரலில் பீட்டா மிகுதி. இதயத்தைப் படபடக்கவிடாமல் ஈரலில் உள்ள பீட்டாவை மட்டும் தட்டியெழுப்பும் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு, கொழுப்பு ஈரல் முற்றி அழற்சியும் தழும்பும் கண்ட நோயாளிகளுக்காக, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது.

சென்ற மாதம் அதே பண்ணைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். செத்த கோழி ஒன்று இருந்தது. இந்தத் தடவை ஈரலோடு நிறுத்தாமல் மார்புக்கூட்டின் வாசல்வரை கத்தரித்து, தீனிப்பையை ஒதுக்கி, ரத்தக்குழாயின் ஓரத்தில் அந்தச் செம்பழுப்பு மணியை எடுத்து, அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அன்றைக்குக் கேட்டீர்களே, இதுதான் கோழியின் தைராய்டு. இன்னொன்று அந்தப் பக்கம் இருக்கிறது.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இத்தனூண்டா?” என்றார். பிறகு, “எனக்கு மாத்திரையை 50இலிருந்து 75 ஆக்கியிருக்கிறார்கள், டாக்டர். சரிதானா?”

அது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல, உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். வெறும் வயிற்றில் போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். காபியோடு போடுவதாகச் சொன்னார். காபிக்கு முன்னால், வெறும் தண்ணீரில் போடச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.